நம்புவோரும் நம்பாதோரும் ஒரே சபையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடவுளை நம்புகிறவர்கள், நம்பாதவர்கள், இன்னும் ஒரு முடிவுக்கு வராதவர்கள் எல்லோரும் சேர்ந்து கூடும் சபைகள் இருக்கின்றன. அங்கே புதிதாக வருகிறவர்களும் நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

சாமியே இல்லேன்னு சொல்றவருக்கு ஆன்மிகம் எதுக்குங்க?

கடவுள் உண்டா இல்லையா என்ற கருத்து ஒன்று; உள்ளத்தைப் பண்படுத்தும் பழக்கம் இன்னொன்று. பௌத்தமும் சமணமும் உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை வைக்கவில்லை. ஆனாலும் தியானம், நோன்பு, தன்னைத்தானே சோதித்துக்கொள்ளுதல், உயிர்களிடம் கருணை என்று 2,000 ஆண்டுகளுக்கு மேலாக அவை மனிதரை வளர்த்து வந்திருக்கின்றன.

வேண்டியவர் இறந்தால் நம்பாதவருக்கும் தொண்டை அடைக்கிறது. நட்சத்திரம் நிறைந்த வானத்தைப் பார்த்தால் அவருக்கும் பேச்சு நின்றுபோகிறது. செய்த தவறு இரவில் உறுத்துகிறது. எதிர்பாராமல் வந்த உதவியை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. இவற்றுக்கெல்லாம் நேரம் ஒதுக்கி, நாலு பேரோடு சேர்ந்து பழகிக்கொள்வதைத்தான் இந்தச் சபைகளில் ஆன்மிகம் என்கிறோம். இந்த அனுபவங்கள் எங்கிருந்து வருகின்றன என்ற விளக்கத்தில் ஆளுக்கு ஆள் வேறுபடலாம்.

அப்போ எல்லா மதத்தையும் கலக்கி ஒரு புது மதம் பண்றீங்களா?

இல்லை. கலப்பதில் ஒரு அவமரியாதையும் இருக்கிறது: ஒவ்வொரு மரபிலும் நமக்குப் பிடித்ததை மட்டும் பிய்த்தெடுத்து, அதன் வேரை மறந்துவிடுவோம். இந்தச் சபைகள் செய்வது வேறு. கொள்கையில் உடன்பாடு கேட்காமல், நடத்தையில் உடன்பாடு கேட்கின்றன. ஒருவரையொருவர் எப்படி நடத்துவோம், எதற்காகச் சேர்ந்து உழைப்போம் என்பதை எழுதி வைத்து அதற்குக் கையெழுத்திடுகிறார்கள். இதை உடன்படிக்கை என்பார்கள்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. 1568இல் திரான்சில்வேனியாவின் (இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி) டோர்டா நகரில் கூடிய பேரவை, போதகர்கள் தாங்கள் புரிந்துகொண்டபடி போதிக்கலாம், அதற்காக யாரையும் துன்புறுத்தக் கூடாது என்று ஆணையிட்டது. அது அன்றைய கிறித்தவப் பிரிவுகளுக்குள் அடங்கிய ஆணைதான், என்றாலும் பெரிய அடி. 1876இல் நியூயார்க்கில் ஃபீலிக்ஸ் அட்லர் தொடங்கிய அறநெறிச் சங்கம், நம்பிக்கை அறிக்கையைவிட நற்செயலை முன்னால் வைத்தது. 1961இல் அமெரிக்காவில் இரண்டு சமய அமைப்புகள் இணைந்து உருவான யூனிட்டேரியன் யூனிவர்சலிஸ்ட் சங்கத்தின் சபைகளில் இன்று இறைநம்பிக்கையாளரும் நாத்திகரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்காருகிறார்கள்.

'ஆன்மிகம்' என்ற சொல்லிலேயே ஆன்மா இருக்கிறதே! ஆன்மாவையே ஏற்காத நான் அந்தச் சொல்லை எப்படி ஏற்பது?

ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்லின் வேரில் ஆன்மா இருப்பது உண்மைதான். 'உள்வாழ்வு', 'அகவாழ்வு' என்ற சொற்கள் சிலருக்கு இன்னும் நேராக இருக்கின்றன. அறிவிப்புப் பலகையில் ஒரு சொல், வாசிப்பில் இன்னொரு சொல் என்று இரண்டும் புழங்கட்டும்.

காந்தி நெடுங்காலம் "கடவுளே உண்மை" என்று சொல்லி வந்தார். பிறகு அதைத் திருப்பி, "உண்மையே கடவுள்" என்றார். 1931இல் சுவிட்சர்லாந்தில் பேசும்போது இந்த மாற்றத்தை விளக்கினார்: கடவுளை மறுப்பவர்கூட உண்மையின் வலிமையை மறுப்பதில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. சொல்லை ஒரு சுற்று திருப்பியதில் இன்னும் பலருக்கு இடம் கிடைத்தது. ஆனால் சொல்லைப் பற்றிய விவாதத்துக்கு ஒரு கூட்டத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். பெயர் வைப்பதிலேயே ஓர் ஆண்டைக் கழித்துவிட்டு, ஒரு நிமிடம்கூடச் சேர்ந்து மௌனமாக உட்காராத குழுக்கள் கலைந்துபோகின்றன.

ஒரு கூடுகைல என்னென்ன நடக்கும்? வரிசையா சொல்லுங்க.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வரிசை இது. முதலில் அறிவிப்புகள், 3 நிமிடம். விளக்கு ஏற்றி 2 நிமிட அமைதி. உடன்படிக்கையை எல்லோரும் சேர்ந்து வாசித்தல், 1 நிமிடம். ஒரு பாட்டு. இரண்டு வாசிப்புகள், தலா 3 நிமிடம். ஒன்று ஏதாவது ஒரு மறைநூலிலிருந்து, மற்றது கவிதை, அறிவியல், வாழ்க்கைக் குறிப்பு என வேறு திசையிலிருந்து. 15 நிமிடப் பேச்சு. 5 நிமிட மௌனம். 10 நிமிடம் மகிழ்ச்சியும் துயரமும் பகிர்தல். நிறைவுப் பாட்டு, வாழ்த்து.

அறிவிப்புகளை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. மௌனமும் பகிர்வும் முடிந்து மனம் கனிந்திருக்கும் நேரத்தில், "வாகனங்களைப் பின்பக்கம் நிறுத்தவும்" என்று ஒருவர் எழுந்து படித்தால் எல்லாம் சிதறிவிடும். அதிகம் நடக்கும் இன்னொரு கோளாறு, பேச்சு 15 நிமிடத்திலிருந்து 30 ஆக நீண்டு மௌனத்தைத் தின்றுவிடுவது. நேரம் பார்க்க ஒருவரை முன்வரிசையில் உட்காரவையுங்கள். பேச்சாளர் நீட்டினால் வெட்ட வேண்டியது பேச்சைத்தான். மௌனத்தைத் தொடக் கூடாது.

மௌனம்னா என்ன பண்ணணும்? சும்மா உக்காந்தா தூக்கம்தான் வருது.

புதிய குழு 3 நிமிடத்தில் தொடங்கட்டும். இரண்டு மாதம் கழித்து 5, ஓராண்டுக்குள் 8 அல்லது 10. எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் புதிதாக வந்தவர் "எப்போது முடியும்?" என்ற பதற்றத்திலேயே முழு நேரத்தையும் கழிப்பார். மணியடித்துத் தொடங்கி, மணியடித்து முடியுங்கள்.

உட்காருகிறவர் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது, ஒரே ஒரு சொல்லை மனத்தில் வைத்திருப்பது, அல்லது காதில் விழும் ஒலிகளைப் பெயர் வைக்காமல் கேட்பது. பிரார்த்திக்கிறவர் பிரார்த்திக்கலாம். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். சிலருக்குக் கண்ணை மூடினால் பழைய பயங்கள் எழும். பாதங்கள் தரையில் பதிய நிமிர்ந்து உட்கார்ந்து, நாலைந்து அடி தள்ளித் தரையைப் பார்த்தபடி கண்ணைப் பாதி திறந்து வைத்தால் தூக்கம் குறையும். அப்படியும் தூங்கிவிட்டால், அந்த வாரம் அவருக்குத் தேவைப்பட்டது அதுதான். எழுப்ப வேண்டாம்.

நடத்துகிறவர் செய்யும் தவறு இரண்டு. மெல்லிசை ஓட விடுவது ஒன்று. "இப்போது உங்கள் மனம் ஒரு தாமரைக் குளம்" என்று நடுநடுவே பேசுவது இன்னொன்று. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரின் மரபுவழிக் கூடுகைகளில் போதகர் கிடையாது. சுமார் ஒரு மணி நேரம் மௌனமாக உட்காருவார்கள். உள்ளிருந்து சொல் எழுந்தால் ஒருவர் எழுந்து சுருக்கமாகச் சொல்லி அமர்வார். அடுத்தவர் உடனே பதில் சொல்ல மாட்டார். சொன்னது உள்ளே இறங்கும்வரை மறுபடி மௌனம். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே சபையின் பேச்சு மாறிவிடும்.

பிரார்த்தனை உண்டா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

உண்டு. ஆனால் ஒரு விதியோடு. தான் நம்பாததை யாரும் சொல்ல நேரக் கூடாது. தான் நம்புவதை யாரும் மறைக்க நேரவும் கூடாது. இந்தப் பக்கத்தில் பல இடங்களில் இந்த இரட்டை விதிக்குத் திரும்பி வருவோம்.

இதற்குத் தமிழ் இலக்கணமே கை கொடுக்கிறது. நடத்துகிறவர் "இறைவா, நாங்கள் உம்மை வேண்டுகிறோம்" என்றால், அந்த 'நாங்கள்' அரங்கில் இருக்கும் அத்தனை பேரையும் கேட்காமலே உள்ளே இழுத்துக்கொள்கிறது. "இறைவா, நான் வேண்டுகிறேன்" என்றால் அவர் தம் பொறுப்பில் பேசுகிறார், யாருக்கும் உறுத்தாது. 'நாம்' என்று வந்தால் அது சபையைப் பார்த்துச் சொல்வது: "நோயில் இருப்பவர்களை நாம் நினைத்துக்கொள்வோம்." எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டிய வரிகளுக்கு வியங்கோள் வினை இருக்கிறது. "துயரத்தில் இருப்போர் ஆறுதல் பெறுக." "அந்த வீட்டில் அமைதி நிலவட்டும்." யாரிடம் கேட்கிறோம் என்று சொல்லாமலே அந்த வரி முழுமையாக நிற்கிறது. நம்புகிறவர் அதை வேண்டுதலாகச் சொல்கிறார், நம்பாதவர் வாழ்த்தாகச் சொல்கிறார், இருவர் வாயிலும் அது உண்மை.

ஆனால் எப்போதும் வியங்கோள் மட்டுமே என்று ஆகிவிட்டால், கடவுள் பெயரையே தடை செய்துவிட்டார்கள் என்று நம்புகிறவர்களுக்குத் தோன்றும். விதியின் இரண்டாம் பாதி உடையும். மாதத்தில் ஒரு முறையாவது ஒருவர் தம் மரபின்படி, தம் கடவுளின் பெயரைச் சொல்லியே வேண்டட்டும். அதற்கு முன் இப்படி ஒரு அறிமுகம் போதும்: "இப்போது இவர் தம் வழக்கப்படி வேண்டுவார். சேர்ந்து வேண்டுவோர் வேண்டலாம். மற்றவர்கள் அவருக்குத் துணையாக அமைதியாக இருப்போம்."

பாட்டுல 'இறைவா'ன்னு வருது. பாடணுமா, வாயை மூடிக்கணுமா?

பாடலாம், ராகத்தை மட்டும் முனகலாம், கேட்டுக்கொண்டும் இருக்கலாம். மூன்றும் நேர்மையானவை என்பதைப் பாட்டு தொடங்கும் முன் அவ்வப்போது சொல்லுங்கள். நாடகத்தில் பாத்திரத்தின் பாட்டைப் பாடுவதுபோல, பக்கத்தில் இருப்பவரின் மகிழ்ச்சிக்குத் தம் குரலைக் கொடுப்பதாக நினைத்துப் பாடும் நாத்திகர்கள் நிறைய உண்டு.

பாட்டின் வரிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றாதீர்கள். 30 ஆண்டுகளாக ஒருவர் மனத்தில் ஊறிய வரியை மாற்றினால் அவருக்குக் காலடியில் படி இல்லாததுபோல் இருக்கும். மாற்று வரி வேண்டுமென்றால் மூல வரிக்குக் கீழே அச்சிட்டு, விரும்பியதைப் பாட விடுங்கள். ஒரு கூடுகையில் இரண்டு பாட்டு என்றால், ஒன்றில் கடவுள் பெயர் வரட்டும், மற்றதில் வர வேண்டாம்.

விளக்கேத்துறது, பூ வைக்கிறது, இதெல்லாம் சடங்குதானே? சடங்கு வேண்டாம்னுதானே இங்க வந்தோம்?

சடங்குதான். பொருள் தெரியாமல், கேள்வி கேட்க விடாமல், ஒருவரை உயர்த்தி இன்னொருவரைத் தாழ்த்திச் செய்யும் சடங்கை வெறுக்கலாம். ஆனால் கையால் செய்யும் ஒரு சிறு செயல், அரை மணி நேரப் பேச்சு செய்யாததைச் செய்யும்.

நார்பர்ட் சாபெக் என்பவர் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் ஒரு சபையை நடத்தினார். பல பின்னணிகளிலிருந்து வந்த அவருடைய மக்களில் பலருக்கு அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் பழைய சடங்கு ஒட்டவில்லை. 1923இல் அவர் வேறொன்று செய்தார். வரும்போது ஆளுக்கொரு பூ கொண்டுவந்து பொதுக் குடுவையில் வைக்க வேண்டும். போகும்போது வேறொருவர் கொண்டுவந்த பூவை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான். நாஜிகள் அவரைக் கைது செய்து 1942இல் கொன்றார்கள். அந்தப் பூ வழிபாடு இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. புதிய சடங்கு அமைக்கிறவர்கள் இதைக் கூர்ந்து பார்க்கலாம்: எல்லோரும் செய்யக்கூடியது, யாரும் எதையும் நம்புவதாகச் சொல்லத் தேவையில்லை, ஒரே வாக்கியத்தில் பொருள் விளங்கும், வெறுங்கையோடு வந்தவருக்கும் கொடுக்க நாலு பூ கூடுதலாக வைத்திருக்கலாம்.

எல்லாருக்கும் பொதுவா பேசப் போனா பேச்சு சப்புன்னு ஆயிடுதே?

ஆகும், யாருக்கும் வலிக்காத சொற்களாகத் தேடித் தேடிப் பேசினால். இந்தச் சபைகளை உள்ளிருந்து அரிப்பது சண்டையைவிட இந்தச் சப்பைத்தனம்தான் என்பது எங்கள் எண்ணம். அன்பு, அமைதி, ஒற்றுமை என்று மூன்று சொற்களையே ஆண்டு முழுக்கச் சுற்றிவந்தால் இரு தரப்பும் பசியோடு வீடு திரும்பும்.

இதற்கு மருந்து, தன்மை இடத்தில் நின்று பேசுவது. "கடவுள் நம்மைத் தாங்குகிறார்" என்று பொதுவாக அறிவிக்காமல், "என் மகன் நோயில் கிடந்தபோது கடவுள் என்னைத் தாங்கினார் என்று நம்புகிறேன்" என்று பேசட்டும். அடுத்த வாரம் இன்னொருவர், "அப்படி ஒரு இரவில் நான் கூப்பிட யாரும் இல்லை, செவிலியரின் கைதான் இருந்தது" என்று பேசட்டும். இரண்டும் காரமான பேச்சுகள். இரண்டையும் முழுமையாகக் கேட்க முடிந்த சபைதான் வளர்கிறது. பேச்சாளர் அட்டவணையை மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் போட்டால், ஒரே தரப்பு தொடர்ந்து வருகிறதா என்பது பார்த்தவுடன் தெரியும்.

மகிழ்ச்சி, துயரம் பகிரும் நேரம் ரொம்ப இழுத்துடுது. எப்படிக் கட்டுப்படுத்தறது?

ஆளுக்கு ஒரு நிமிடம். வாயிலில் அட்டை வைத்து, மூன்று வரியில் எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒருவரே வாசிப்பது இன்னும் நல்லது. மேடைக்கூச்சம் உள்ளவருக்கும் இடம் கிடைக்கும். விளம்பரம், அரசியல் அழைப்பு, அனுமதி வாங்காமல் பிறருடைய நோய்ச் செய்தி ஆகிய மூன்றையும் அனுமதிக்காதீர்கள். ஒவ்வொரு பகிர்வுக்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு கூழாங்கல். கடைசியாக, சொல்ல முடியாமல் போனவற்றுக்காக ஒரு கல்.

துயரம் சொன்னவரை மூன்று நாளுக்குள் யாராவது தொலைபேசியில் கூப்பிட வேண்டும். அதற்குப் பொறுப்பாக இருவரை நியமியுங்கள். அது நடக்கவில்லையென்றால் அந்தக் கிண்ணமும் கல்லும் வெறும் காட்சிதான்.

சிறுகுழு ஆரம்பிக்கணும். எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

ஆழமான வேலை நடப்பது பெரும்பாலும் இங்கேதான். 6 முதல் 10 பேர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். எட்டுப் பேர் என்றால் கணக்கு இப்படி வரும்: வந்தவுடன் ஆளுக்கு 2 நிமிடம் நலம் சொல்ல, மொத்தம் 16. ஒரு வாசிப்பும் மௌனமும் 8. முதல் சுற்றில் ஆளுக்கு 5 நிமிடம், 40. இரண்டாம் சுற்றில், பிறர் சொன்னதைக் கேட்டபோது தம்முள் எழுந்ததைச் சொல்ல ஆளுக்கு 2 நிமிடம், 16. நிறைவு 5. மொத்தம் 85 நிமிடம்.

ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிடுவதில்லை. அறிவுரை சொல்வதில்லை. விரும்பாதவர் தம் முறையைத் தாண்டிப் போகலாம். இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. "கடவுள் இருக்கிறாரா?" என்று கேட்டால் எட்டுப் பேரும் தத்தம் கருத்தை எடுத்துவைப்பார்கள், முடிந்தது. "கடைசியாக எப்போது யாரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்?", "எந்த இடத்தில் உங்களுக்குப் பேச்சு அடங்குகிறது?" என்று வாழ்க்கையைக் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு நம்புகிறவர் நம்பாதவர் என்ற பிரிவே முளைக்காது.

குழு கெட்டுப்போகும் விதங்களும் தெரிந்தவைதான். ஒருவர் அழுதவுடன் நாலு பேர் தீர்வு சொல்லப் பாய்வார்கள். அப்போது வழிநடத்துகிறவர் கையை லேசாக உயர்த்தி, "கொஞ்சம் அமைதியாக இருப்போம்" என்றால் போதும். வழிநடத்துகிறவரே மெல்ல மெல்ல ஆசிரியராக மாறிவிடுவது இன்னொன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். நெருக்கம் கூடிப்போய்ப் புதியவரைச் சேர்க்க மனம் வராமல் போவது மூன்றாவது. வட்டத்தில் எப்போதும் ஒரு காலி நாற்காலி போட்டு வையுங்கள். 12 பேர் ஆனால் இரண்டாகப் பிரியுங்கள்.

ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் விவாதத்துக்கு இழுக்கிறார். என்ன செய்ய?

விவாதம் தீயதில்லை, இடம்தான் தவறு. மாதம் ஒரு மாலையை விவாதத்துக்கென்றே ஒதுக்கி, அவரையே தலைப்பு எடுக்கச் சொல்லுங்கள். அதோடு தனியாக அழைத்துப் பேசுங்கள்: "உங்கள் கேள்விகள் வேண்டும். பகிர்வு நேரத்தில் அவை வந்தால் அடுத்தவர் வாய் திறக்கப் பயப்படுகிறார்." பெரும்பாலோர் இதை ஏற்பார்கள். மூன்று முறை சொல்லியும் மாறாவிட்டால் உடன்படிக்கையை எடுத்துவைத்துப் பேச வேண்டியதுதான். அது எழுத்தில் இருப்பதன் பயன் அப்போதுதான் தெரியும்.

என்னை மாத்தப் பார்க்கிறாங்களோன்னு தோணுது. புகார் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்ல வேண்டும். மதமாற்றப் பேச்சு என்றால் ஒரு தரப்பின் தவறு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அப்படி இல்லை. "ஒரு நாள் உங்களுக்கும் அவர் தரிசனம் தருவார்" என்பதும், "இவ்வளவு படிச்சிட்டு இதையெல்லாம் நம்பறீங்களா?" என்பதும் ஒரே தவறு. சொல்லே தேவையில்லை, ஒருவர் வேண்டும்போது பக்கத்தில் இருப்பவர் உதட்டோரத்தில் விடும் சிரிப்பு போதும், அவர் அடுத்த மாதம் வர மாட்டார்.

கேட்டால் சொல்வது, கேட்காமல் திணிப்பது என்ற கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் ஏன் நம்புகிறீர்கள்?" என்று உண்மையான ஆர்வத்தோடு ஒருவர் கேட்டால், மனம் திறந்து சொல்வதில் பிழையே இல்லை.

எங்க சபைல பத்துல ஒம்பது பேர் நம்பறவங்க. மிச்ச ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்தணுமா?

எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். எல்லோரும் சேர்ந்து சொல்லும் வரிகளை மட்டும் இரட்டை விதியால் சோதித்துப் பாருங்கள். ஒருவர் தனியாகச் சொல்வது, பாடுவது, படிப்பது எல்லாம் அப்படியே இருக்கலாம். ஒன்பது பேர் நாத்திகராக இருந்து ஒருவர் மட்டும் நம்புகிறவராக இருக்கும் சபைக்கும் பதில் இதேதான். அங்கே அவர் வாய்விட்டு வேண்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய மதத்துல ரொம்ப அடிபட்டு வந்திருக்கேன். 'கடவுள்'னு கேட்டாலே உடம்பு நடுங்குது.

கதவுக்கு அருகில் உட்காருங்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அன்றைய வரிசையை முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொண்டால், எது எப்போது வரும் என்று தெரிந்து மூச்சு சீராகும். மௌனத்தைவிடத் தொண்டுப் பணியில் தொடங்குவது சிலருக்கு எளிது: நாற்காலி அடுக்குவது, நோயாளியைப் பார்க்கப் போவது.

சபையினரிடம் ஒரு வேண்டுகோள். இவருக்காக அந்தச் சொல்லையே ஒழித்துவிட்டால், அது அவரை ஆற்றாது; அதே சொல்லில் உயிர் வைத்திருக்கும் இன்னொருவர் காயப்படுவார். காயம் தொடர்ந்து வாட்டினால் சிறுகுழு போதாது, மனநல ஆலோசகரிடம் போகத் துணை நில்லுங்கள்.

வீட்டுல தனியா என்ன பயிற்சி செய்யலாம்?

ஒன்றே ஒன்றை எடுத்து ஆறு வாரம் விடாமல் செய்யுங்கள். மூன்றை ஒன்றாகத் தொடங்கினால் பத்து நாளில் மூன்றும் போய்விடும்.

இரவு 10 நிமிட நாள் ஆய்வு எளியது. காலையிலிருந்து நடந்ததை வரிசையாக ஓட விட்டு, எதில் உயிர் கூடியது, எதில் வற்றியது, யாருக்கு நன்றி, யாருக்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு சிறு மாற்றம் என்ன என்று பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா தம் துறவிகளுக்கு வகுத்த பயிற்சியின் எளிய வடிவம் இது. அவர் இதைக் கடவுளின் முன்னிலையில் செய்யச் சொன்னார். நம்புகிறவர் அப்படியே செய்யலாம், நம்பாதவர் தம் மனச்சாட்சியின் முன் செய்யலாம். பௌத்த மைத்திரி தியானம் இன்னொன்று: "நலமாக இருக்கட்டும்" என்ற வாழ்த்தை முதலில் தமக்கு, பிறகு அன்புக்குரியவருக்கு, பிறகு முன்பின் பழகாத ஒருவருக்கு, பிறகு பிடிக்காதவருக்கு, கடைசியில் எல்லா உயிர்களுக்கும் சொல்வது. பிடிக்காதவர் வரிசையில் பெரிய எதிரியை முதல் நாளே வைக்காதீர்கள். லேசாக எரிச்சலூட்டும் ஆளில் தொடங்குங்கள்.

"கடவுள் இருக்காரா?"ன்னு குழந்தை கேட்டா என்ன சொல்றது?

"நான் நம்புகிறேன், இன்னின்ன காரணம். அந்த மாமா நம்பவில்லை, அவரையும் கேட்டுப் பார். உனக்கு என்ன தோன்றுகிறது?" மூன்று வாக்கியம். சபையின் பதில் என்று ஒன்றைச் சொல்லாதீர்கள், அப்படி ஒன்று இல்லை. கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம். பெரியவர்கள் பயந்து ஒதுங்கும் விஷயம் இது என்று குழந்தை புரிந்துகொள்ளும்.

ஆஸ்பத்திரில ஒரு நோயாளியைப் பார்க்கப் போனேன். "எனக்காக வேண்டிக்கோங்க"ன்னார். நான் நாத்திகன். என்ன பண்ணியிருக்கணும்?

முதலில், "எதை நினைத்து வேண்டச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில்தான் அவருடைய பயம் வெளியே வரும்: வலியா, பிள்ளைகளா, சாவா என்று. பிறகு அவர் அனுமதித்தால் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதையே வியங்கோளில் திருப்பிச் சொல்லுங்கள்: "வலி தணியட்டும். பிள்ளைகளுக்குத் துணை கிடைக்கட்டும்." அல்லது, "நீங்கள் வேண்டுங்கள், நான் கூடவே இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மறைநூல் பகுதியை வாசிக்கச் சொன்னால் வாசித்துக் காட்டலாம். இதில் எதுவுமே பொய்யாகாது. வேண்டத் தெரிந்த ஒருவரை அன்றே அனுப்பிவைப்பதாகச் சொன்னால், அன்றே அனுப்புங்கள். நோயாளியின் படுக்கை கொள்கை விளக்கத்துக்கான இடமில்லை. நம்புகிறவர் ஒரு நாத்திக நோயாளியைப் பார்க்கப் போனாலும் இதுவே: கேட்காமல் வேண்டத் தொடங்காதீர்கள்.

செத்தவர் நாத்திகர். குடும்பம் பக்தியான குடும்பம். இரங்கல் கூட்டத்தை யார் சொல்றபடி நடத்தறது?

இறந்தவர் எழுதி வைத்திருந்தால் அதன்படி. எனவே உயிரோடு இருக்கும்போதே ஒரு பக்கம் எழுதி வாங்கி வைக்கும் பழக்கத்தைச் சபை உண்டாக்க வேண்டும்: எந்தப் பாட்டு, எந்த வாசிப்பு, எது கூடாது.

எழுத்தில் எதுவும் இல்லையென்றால், இறந்தவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவர் வாழ்ந்தபடி இருக்கட்டும். துயரப்படுகிறவர்களின் ஆறுதல் அவர்களுடைய மொழியில் இருக்கட்டும். "அவர் இப்போது இறைவனடியில் இருக்கிறார்" என்று நடத்துகிறவர் சொன்னால், பேச முடியாத ஒருவர் மீது ஒரு நம்பிக்கையை ஏற்றுகிறார். மகளே எழுந்து "அப்பாவை இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும் என்று நான் வேண்டுகிறேன்" என்றால் அது அவளுடைய வேண்டுதல். அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை.

எதை நம்பினாலும் சரின்னா, எல்லையே கிடையாதா?

நம்பிக்கைக்கு எல்லை வைப்பதில்லை, நடத்தைக்கு வைக்கிறோம். ஒரு சாராரைத் தாழ்ந்தவர் என்று சொல்வது, மருத்துவத்தை நிறுத்தச் சொல்லி நோயாளியை வற்புறுத்துவது, பயமுறுத்திப் பணம் வாங்குவது, குழந்தைகளோடு தனியறையில் இருக்க வழி தேடுவது: இவற்றில் எதற்கும் 'என் நம்பிக்கை' என்ற சாக்கு செல்லாது. குழந்தைகள் இருக்கும் அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும், அவர்கள் ஒரே குடும்பத்தினராக இல்லாமலிருப்பது நல்லது.

நான் சபையை நடத்தறேன். எனக்கே நம்பிக்கை போயிடுச்சு. விலகிடணுமா?

உடனே வேண்டாம். போனது நம்பிக்கையா, சோர்வா என்று முதலில் பாருங்கள். ஆறு வாரம் பேச்சுப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். சபைக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் பேசுங்கள்.

அதற்குப் பிறகும் மாற்றம் நிலைத்திருந்தால், சபையிடம் நீங்களே சொல்லுங்கள். பிறர் வாயிலிருந்து அவர்களுக்குத் தெரியவர வேண்டாம். இரண்டு நிமிடப் பேச்சு போதும்: என்ன மாறியது, என்ன மாறவில்லை, எந்தப் பொறுப்புகளை இன்னும் நேர்மையாகச் செய்ய முடியும், எதை முடியாது. அன்று கேள்வி பதில் வைக்காதீர்கள். ஒரு வாரம் கழித்துத் தனிக் கூட்டம் போடுங்கள். இரட்டை விதி நடத்துகிறவருக்கும் உண்டு. நம்பாதவராக இருந்து நம்பத் தொடங்கியவருக்கும் இதே வழிதான். அவர்கள்தான் இன்னும் அதிகமாகத் தயங்குகிறார்கள், பழைய தோழர்கள் கேலி செய்வார்களோ என்று. அந்தத் தனிக் கூட்டத்தில் முதல் கேள்வியை நெருங்கிய நண்பர் ஒருவர் கேட்கும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.